நகர்வு சிறியதுதானா? எல்லை அடுக்கை அளந்து பார்க்கும் வழி

லக்ஷ்மிபாய் நகரிலுள்ள டெல்லி தமிழ்க் கல்விக் கழகப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, ஐஎன்ஏ நிலையத்தில் மஞ்சள் தட மெட்ரோ ஏறி விஸ்வவித்யாலயாவுக்கோ ஹவுஸ் காஸுக்கோ கணிதம் படிக்கப் போகும் பிள்ளைகளை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். எம்.எஸ்சி. திட்டப்பணிக்கு அவர்களில் யாருக்காவது 'சிறு நகர்வு கொண்ட வகையீட்டு-வேறுபாட்டு எல்லை மதிப்புக் கணக்குகள்' என்ற தலைப்பு வாய்க்கக்கூடும். வாய்த்தால் முதலில் கை போகும் இடம் டெய்லர் விரிவு. நகர்வுதான் சிறியதாயிற்றே, இரண்டு உறுப்பு எழுதி அதைச் சமன்பாட்டிலிருந்தே துடைத்துவிடலாம் என்று தோன்றும். சில வேளை அது சரி. சில வேளை, எல்லை அடுக்கை, அதாவது தீர்வு சட்டென மாறும் ஒடுங்கிய பட்டையை, அது இல்லாத இடத்தில் காட்டிவிடும். எப்போது நம்பலாம், எப்போது கூடாது என்பதை ஒரு வெள்ளைத்தாளும் ஒரு எக்செல் தாளும் கொண்டு பார்த்துவிடலாம்.

கணக்கு எங்கிருந்து வந்தது

இது வெறும் பயிற்சிக்காகக் கட்டிய சமன்பாடு இல்லை. 1965-இல் ரிச்சர்ட் ஸ்டைன் நரம்பணுவுக்கு ஒரு மாதிரி கொடுத்தார். அணுச்சவ்வின் மின்னழுத்தம் தானாக மெல்லத் தணியும். தூண்டும் துடிப்பு வந்தால் சட்டென ஒரு படி ஏறும், அடக்கும் துடிப்பு வந்தால் ஒரு படி இறங்கும். மின்னழுத்தம் வரம்பைத் தொட்டு அணு சுடுவதற்குச் சராசரியாக எவ்வளவு நேரமாகும் என்று எழுதிப் பார்த்தால், தேடும் சார்பு ஒரே சமன்பாட்டில் மூன்று இடங்களில் நிற்கும்: இப்போதிருக்கும் அழுத்தத்தில், ஒரு படி மேலே, ஒரு படி கீழே. அந்தப் படிகள்தான் நகர்வுகள்.

இந்தச் சமன்பாடுகளைச் சார்லஸ் லாங்கேயும் ராபர்ட் மியூராவும் 1982 முதல் 1994 வரை வரிசையாக ஆறு கட்டுரைகளில் ஆராய்ந்தார்கள். நகர்வு சிறியதாகவே இருந்தும் எல்லை அடுக்கின் குணம் மாறலாம், அடுக்கே அழிந்தும் போகலாம் என்று அவர்கள் 1994-இல் காட்டினார்கள். இந்தியாவில் ஐஐடி கான்பூரின் காடல்பாஜுவும் கபில் சர்மாவும் 2002-இலிருந்து எண்முறைப் பக்கத்தை எடுத்துக்கொண்டார்கள். திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்திலும் ராமானுஜம் வழிகாட்டலில் இந்தத் துறையில் நிறைய வேலை நடந்திருக்கிறது.

சமன்பாட்டை எழுதிவைப்போம்

தேடும் சார்பு ய, இடம் க. க 0-விலிருந்து 1 வரை ஓடும். சிறிய கெழு எப்சிலானை எ என்றும், நகர்வு டெல்டாவை ட என்றும் எழுதுகிறேன். மேலே போடும் கோடு வகைக்கெழு.

எ·ய″(க) + ய′(க − ட) − ய(க) = 0

வலது முனையில் ய(1) = 1. இடது முனையில் ஒரு புள்ளியை மட்டும் கொடுத்தால் போதாது. க-வின் மதிப்பு ட-வை விடக் குறைவாக இருக்கும்போது (க − ட) பூஜ்யத்துக்கு இடப்பக்கம் போய்விடுகிறது. ஆகவே −ட-விலிருந்து 0 வரை முழு நீளத்துக்கும் ய = 1 என்று கொடுக்கிறோம். இந்த முன்வரலாற்றை எழுத மறந்தால் கணக்கே முழுமையாகாது. விடைக்கும் அதில் பெரிய பங்கு உண்டு, கீழே வரும்.

எ = 0.01 என்று வையுங்கள். ட-வை மட்டும் மாற்றிக்கொண்டே போவோம்.

முதல் படி: நகர்வில்லாமல் பாருங்கள்

ட = 0 என்றால் இது பழகிய கணக்கு. எ சிறியது என்பதால் பெரும்பாலான இடத்தில் முதல் உறுப்பை விட்டுவிடலாம். மிஞ்சுவது ய′ = ய. வலது முனை நிபந்தனையோடு தீர்த்தால் 1-இலிருந்து இடப்பக்கம் இறங்கி, 0-வை நெருங்கும்போது 0.368-இல் வந்து நிற்கும். இது வெளித்தீர்வு. ஆனால் இடது முனையில் ய = 1 என்று சொல்லியிருக்கிறோம். ஒன்றிலிருந்து 0.368 வரையிலான 0.632 இறக்கம் முழுவதும் இடது முனையை ஒட்டிய ஒடுங்கிய பட்டையில் நடந்தாக வேண்டும். அந்தப் பட்டைதான் எல்லை அடுக்கு. அதன் தடிமன் ஏறத்தாழ எ, அதாவது 0.01.

இரண்டாம் படி: விகிதத்தை எடுங்கள்

நகர்வு சிறியதா பெரியதா என்று கேட்கும்போது எதனோடு ஒப்பிடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ட = 0.005 என்றால் மொத்த நீளத்தில் அது இருநூறில் ஒரு பங்கு. அடுக்கின் தடிமனில் பாதி. தீர்வு வேகமாக மாறுவது அடுக்குக்குள்ளேதான் என்பதால் இரண்டாவது ஒப்பீட்டுக்கு மட்டுமே பொருள் உண்டு. ட-வை எ-ஆல் வகுத்து வி என்று ஒரு எண் எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே வி = 0.5. ய′-க்கு முன்னால் ஒன்றைத் தவிர வேறு கெழு இருந்தால் அதையும் பெருக்கிக்கொள்ள வேண்டும். இனிமேல் எதற்கும் ட-வைத் தனியாகப் பார்க்க வேண்டாம், வி ஒன்று போதும்.

மூன்றாம் படி: டெய்லர் என்ன சொல்கிறது என்று குறித்துவையுங்கள்

ய′(க − ட) என்பதை ய′ − ட·ய″ என்று எழுதினால் சமன்பாடு (எ − ட)·ய″ + ய′ − ய = 0 ஆகிறது. நகர்வு காணாமல் போய், எ இருந்த இடத்தில் எ − ட வந்து உட்கார்ந்திருக்கிறது. அதாவது இடது அடுக்கு மெலிகிறது, ட கூடக்கூட இன்னும் மெலிகிறது. பல கட்டுரைகளில் காணும் முடிவு இதுதான். சிறிய வி-க்கு இது சரியும்கூட.

இதே விடையை ட = எ வரை இழுத்துப் பாருங்கள். அடுக்கின் தடிமன் பூஜ்யம். இன்னும் இழுத்தால் கெழு குறி மாறி, அடுக்கு இடது முனையை விட்டு வலது முனைக்குத் தாவிவிட்டதாக விடை வரும். இது சுத்தப் பொய். உண்மைச் சமன்பாட்டில் அப்படி எதுவும் நடப்பதில்லை. டெய்லர் பாதை எங்கோ வழியிலேயே கைவிட்டுவிட்டது. எந்த இடத்தில் என்பதுதான் கேள்வி.

நான்காம் படி: அடுக்குக்குள் புகுந்து பாருங்கள்

க-வை எ-ஆல் வகுத்து, அடுக்கை உருப்பெருக்கிக்கொள்ளுங்கள். புதிய இடத்தை ப என்போம், க = 0.01 ப. அடுக்குக்குள் ய-யின் சாய்வை, தொடக்கச் சாய்வு 1 என்று வரும்படி அளவு மாற்றி, ச என்று குறிப்போம். மிகச் சிறிய உறுப்புகளை விட்டால் கிடைப்பது ஒரே வரி:

ச′(ப) = −ச(ப − வி)

ப பூஜ்யத்துக்குக் கீழே இருந்தால் ச = 0, ஏனென்றால் முன்வரலாறு மாறிலி. ப = 0-வில் ச = 1.

டெல்லிக் குளிர்காலத்தில் கீசர் தண்ணீரைச் சரிசெய்து குளித்தவர்களுக்கு இந்த வரி தெரிந்ததுதான். குழாயைத் திருகுகிறோம், குழாய்க்குள் இருக்கும் பழைய தண்ணீர் தீர்ந்த பிறகே மாற்றம் தலையில் விழுகிறது. தாமதம் சிறிதென்றால் நிதானமாகச் சரியாகும். கொஞ்சம் கூடினால் சூடு தாண்டிப் போய்த் திரும்பி வரும். மேலும் கூடினால் கொதிப்பும் குளிருமாக மாறிமாறிப் பெருகும்.

இந்த மூன்று நிலைக்கும் கோடு எங்கே? ச என்பது அடுக்குறித் தணிவாக இருக்கட்டும் என்று வைத்து, தணிவு வீதத்தை ந என்று எழுதினால் ந = (2.718-இன் அடுக்கு ந·வி) என்று வருகிறது. இதற்கு மெய்யெண் விடை இருப்பது வி 0.368-க்கு மேற்படாதவரைதான். அதைத் தாண்டினால் விடைகள் சிக்கலெண்கள் ஆகி, அலைவு தொடங்குகிறது. அலைவும் தணியாமல் வளரத் தொடங்குவது வி 1.571-ஐத் தாண்டும்போது, அதாவது பை (π) எண்ணில் பாதி. (வெளித்தீர்விலும் 0.368 வந்தது, இங்கும் 0.368 வருகிறது. நான் எடுத்த நிபந்தனைகளால் நேர்ந்த தற்செயல் அது. ய(1)-ஐ மாற்றினால் அந்த எண் மாறும், இந்த எல்லை மாறாது.)

நமது எடுத்துக்காட்டில் வி = 0.5. முதல் கோட்டைத் தாண்டிவிட்டோம். டெய்லர் 'மெலிந்த அடுக்கு, அலைவு இல்லை' என்று சொன்ன இடத்தில் உண்மைத் தீர்வு அலைகிறது.

ஐந்தாம் படி: எக்செல்லில் ஓட்டுங்கள்

முதல் வரிசை தலைப்புக்கு. ஒரு தனி அறையில் படியளவை எழுதுங்கள், அது வி-யில் பத்தில் ஒன்று. வி = 0.5 என்றால் 0.05. முதல் நெடுவரிசையில் ப, 0-விலிருந்து இந்தப் படியளவில் ஏறட்டும். இரண்டாவது நெடுவரிசையில் ச. இரண்டாம் வரிசை முதல் பன்னிரண்டாம் வரிசை வரை 1 என்று நேரடியாக எழுதிவிடுங்கள். தாமதம் முடியும்வரை சாய்வு மாறப்போவதில்லை.

பதின்மூன்றாம் வரிசையிலிருந்து விதி: நேர் மேலே உள்ள ச-விலிருந்து, பதினொரு வரிசைக்கு மேலும் பத்து வரிசைக்கு மேலும் உள்ள ச இரண்டையும் கூட்டிப் பாதியாக்கிப் படியளவால் பெருக்கியதைக் கழிக்கவும். இது சரிவகமுறை. இரண்டுக்குப் பதில் பதினொரு வரிசைக்கு மேலுள்ள ஒரு மதிப்பை மட்டும் வைத்து ஆய்லர் முறையில் செய்தால் சுலபம்தான், ஆனால் இதே படியளவில் விடை கண்ணில் படும் அளவுக்குப் பிசகும். மூன்றாவது நெடுவரிசையில் ச-வின் தொகையை அதே சரிவகமுறையில் சேர்த்துக்கொண்டே வாருங்கள், அதைத் தொ என்போம். நானூறு வரிசை இழுத்துவிடுங்கள். நான்காவது நெடுவரிசை 1 − 0.632 × தொ. இதுதான் அடுக்குக்குள் ய.

சரிபார்க்க: வி = 0.5 என்றால், ப 1-இல் ச 0.5, 1.5-இல் 0.125, 2-இல் −0.021; 2.5-இல் −0.039, 3-இல் −0.021. இந்த எண்கள் வராவிட்டால் வரிசை எண்ணிக்கையில் ஒன்று தவறியிருக்கும். பெரும்பாலும் பத்துக்கும் பதினொன்றுக்கும் இடையில்தான் பிசகும்.

ச குறி மாறும் இடம் ப = 1.87. அங்கே தொ 1.04. ய வெளித்தீர்வைத் தாண்டி 4 சதவீதம் கூடுதலாக இறங்கிவிட்டுத் திரும்புகிறது. க கணக்கில் அது 0.0187. வரைபடத்தில் ஒரு சின்னக் குழி. சாதாரண அளவில் அச்சிட்டால் கண்ணுக்கே படாது, ஆகவே 0 முதல் 0.06 வரை மட்டும் தனியாக வரையுங்கள்.

இப்போது படியளவு அறையில் 0.1 போடுங்கள், வி = 1. டெய்லர் கணக்குப்படி அடுக்கு மறைந்துவிட வேண்டிய இடம் இது. தாளில் என்ன தெரிகிறது? ப = 2-இல் தொ 1.5. தேவையான இறக்கத்தைவிட ஒன்றரை மடங்கு இறங்கி, ய கிட்டத்தட்ட 0.05-ஐத் தொட்டுவிட்டு ஏறுகிறது. இதைத் தாளில்லாமலே போடலாம்: முதல் ஒரு அலகில் ச = 1, அடுத்த அலகில் நேர்க்கோடாகப் பூஜ்யத்துக்கு இறங்குகிறது, பரப்பு ஒன்றும் அரையும்.

அறையில் 0.2 போட்டால் வி = 2. ப = 4-இல் ச −1; 5-இல் −1.5, 8-இல் 1.67, இன்னும் ஏறிக்கொண்டிருக்கும். இனி அடுக்கு என்று ஒன்று இல்லை. அலைவு இடது முனையில் அடங்காமல் இடைவெளி முழுவதும் பரவும். அப்போது இந்தத் தாளும் உதவாது, ஏனென்றால் 'அடுக்குக்கு வெளியே அமைதி' என்ற அனுமானத்தில் கட்டியது இது. லாங்கேயும் மியூராவும் ஆறாவது கட்டுரையை இந்த விரைவலைவுக்காகவே ஒதுக்கினார்கள்.

ஆறாம் படி: முனைச் சாய்வைச் சோதியுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. மூலச் சமன்பாட்டை 0-விலிருந்து 1 வரை அப்படியே தொகையிடுங்கள். ய′(க − ட)-வின் தொகை, ய(1 − ட)-விலிருந்து ய(−ட)-வைக் கழித்தது. முன்னது ஏறத்தாழ 1, பின்னது சரியாக 1. இரண்டும் அடித்துப்போகின்றன. மிஞ்சுவது எ × (இடது முனைச் சாய்வு) ≈ −(ய-யின் மொத்தப் பரப்பு), அதாவது −0.632 சுமார். ஆகவே இடது முனைச் சாய்வு −63-ஐ ஒட்டி இருக்க வேண்டும். அடுக்கு அமைதியாக முடியும்வரை இது வி-யைச் சார்ந்ததே அல்ல.

டெய்லர் கணக்கில் சாய்வு −0.632-ஐ எ − ட-வால் வகுத்தது. ட = 0.005 என்றால் −126. இரண்டு மடங்கு பிழை. வி = 0.1 என்ற பாதுகாப்பான இடத்திலும் அது −70 என்கிறது, உண்மை −63.

அப்படியானால் 'அடுக்கு மெலிகிறது' என்ற முடிவு தவறா? இல்லை. சாய்வை எடையாக வைத்து இடத்தின் சராசரியை எடுத்தால், அது எ-யிலிருந்து ட-வைக் கழித்த எண்ணாகவே வருகிறது, டெய்லர் சொன்னபடியே. மெலிவு நடக்கும் விதம்தான் வேறு. முனையில் செங்குத்தாக விழுவதால் அல்ல. முதல் ட நீளத்துக்குச் சாய்வு குறையாமல் நேர்க்கோடாக இறங்குவதால். க = 0.005-இல் உண்மை 0.684, டெய்லர் 0.600. க = 0.01-இல் உண்மை 0.447, டெய்லர் 0.453. ஒரு புள்ளியில் நன்றாகப் பொருந்தி, பக்கத்துப் புள்ளியில் தவறும். ஒரே ஒரு புள்ளியை ஒப்பிட்டுவிட்டு 'நல்ல தோராயம்' என்று எழுதிவிடாதீர்கள்.

முழுக் கணக்கை வலையில் போடும்போதும் இதே காரணத்தால் ஒரு கவனம் வேண்டும். க = 0-வில் ய′ தாவுகிறது, க = ட-வில் ய″ தாவுகிறது, 2ட-வில் மூன்றாம் வகைக்கெழு. வலைப்புள்ளிகள் ட-வின் மடங்குகளில் விழும்படி படியளவைத் தேர்ந்தெடுங்கள். காடல்பாஜுவும் சர்மாவும் செய்தது இதுதான்: தாமத உறுப்பு வலைப்புள்ளி மேலேயே விழும்படி வலையை அமைத்துவிட்டால், நகர்வு எ அளவுக்குப் பெரியதானாலும் டெய்லர் தேவையே இல்லை. எல்லை மதிப்புக் கணக்குகளுக்கான மேட்லாப் நிரல் பிவிபி4சி தாமத உறுப்பைத் தானாகக் கையாளாது என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்.

அடுக்கு வலப்பக்கம் இருந்தால்

ய′-க்கு முன்னால் கழித்தல் குறி வந்தால் அடுக்கு வலது முனைக்குப் போகும். அங்கே கதை சாது. ச′ = ச(ப − வி) என்றாகி, நகர்வு அடுக்கைத் தடிக்கச் செய்கிறது, அலைவு கிளப்புவதில்லை. டெய்லர் 1 + வி மடங்கு என்கிறது. வி = 0.5-க்கு உண்மை 1.42, டெய்லர் 1.5. வி = 1-க்கு 1.76-க்கு 2. பிழை உண்டு, பொய் இல்லை. நகர்வு எதிர்த்திசையில் இருந்தால், அதாவது ய′(க + ட) என்றால், க-வுக்குப் பதில் 1 − க போட்டு இடம் வலம் மாற்றிக்கொள்ளுங்கள். புதிதாக ஒன்றும் இல்லை.

ஸ்டைனின் நரம்பணுக் கணக்கில் நகர்வு ய′-இல் இல்லை, ய-யிலேயே இருக்கிறது, மேலும் கீழுமாக இரண்டு. அங்கே டெய்லர் விரித்தால் இரண்டு நகர்வுகளும் சேர்ந்து ஒரு முதல் வகைக்கெழு உறுப்பைப் பிறப்பிக்கும். ஒன்று மற்றொன்றை ஈடுகட்டவும் செய்யலாம். அதனால் 'நகர்வின் பாதிப்பு குறைவு' என்று தோன்றினால், இரண்டு நகர்வுகளையும் தனித்தனியாக அடுக்குத் தடிமனோடு ஒப்பிட்டுவிட்டே எழுத வேண்டும்.

திட்டப்பணியில் படம் போடும்போது வி-க்கு 0, 0.2, 0.4, 0.5, 1 என்று ஐந்து வளைகோடுகள் போதும் (வி = 0-க்குப் படியளவு பூஜ்யமாகித் தாள் ஓடாது, அதை மட்டும் அடுக்குறித் தணிவாக நேரடியாக வரையுங்கள்). 0.4-இல் அலைவு பிறந்துவிட்டது, ஆனால் தாண்டல் ஆயிரத்தில் ஒன்று என்ற அளவில்தான் இருக்கும். மூன்றாவது நெடுவரிசைக்கு ஆறு தசம இடம் கொடுத்து, அது 1-ஐத் தாண்டுகிறதா என்று எண்ணில் பாருங்கள், கோட்டில் தேடாதீர்கள்.